சும்மா கிடக்கும் நிலமா? கஜகஸ்தான் புல்வெளியைப் பற்றிக் கொஞ்சம் நீளமாக

கேள்வி இதுதான்: கஜகஸ்தான் பரப்பில் இந்தியாவின் ஐந்தில் நான்கு பங்கு இருக்கிறது, மக்கள்தொகையோ சுமார் 2 கோடிதான். வரைபடத்தில் பார்த்தால் பாதி நாடு புல்வெளி. இவ்வளவு நிலத்தை ஏன் சும்மா போட்டு வைத்திருக்கிறார்கள்? மரம் நடக்கூடாதா, உழுது பயிர் செய்யக்கூடாதா, அடியில் ஏதாவது கிடைக்குமா?

வேலைக்காகப் போய் அந்நாட்டுத் தலைநகர் அஸ்தானாவில் மூன்று குளிர்காலம் கழித்தவன் நான். போன புதிதில் ரயில் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு இதே கேள்வியைத்தான் நானும் கேட்டேன், ஒரு கஜக் நண்பர் சிரித்தார். "சும்மா" என்ற அந்தச் சொல்லில்தான் எல்லாமே இருக்கிறது. கடந்த நூறு ஆண்டுகளில் அந்த நிலத்தைச் சும்மா கிடக்கிறது என்று நினைத்து மூன்று நான்கு முறை பெரிய பெரிய திட்டங்கள் போட்டார்கள். ஒவ்வொன்றும் எப்படி முடிந்தது என்று சொல்லிக்கொண்டு போனாலே உங்கள் கேள்விக்குப் பதில் வந்துவிடும். ஆனால் அதற்கு முன்னால் கொஞ்சம் நிலவியலும் வானிலையும் சொல்லியாக வேண்டும்.

ஐரோப்பாவில் ஹங்கேரிப் பக்கத்தில் தொடங்கி, உக்ரைன், தெற்கு ரஷ்யா, கஜகஸ்தான், மங்கோலியா வழியாக மஞ்சூரியா வரை ஏறத்தாழ 8,000 கி.மீ. நீளத்துக்கு ஒரு புல்வெளிப் பட்டை ஓடுகிறது. இதைத்தான் ஸ்டெப்பி என்கிறோம். இடையில் அல்தாய் மலை குறுக்கிடுகிறது, அதற்கு மேற்கே ஒரு ஸ்டெப்பி, கிழக்கே ஒரு ஸ்டெப்பி என்று வைத்துக்கொள்ளலாம். கஜகஸ்தானில் இருப்பது இந்தப் பட்டையின் நடுத்துண்டு, அது மட்டுமே கிழக்கு மேற்காக 2,000 கி.மீ.க்கு மேல். நாடு மொத்தம் 27 லட்சம் சதுர கி.மீ., அதாவது 21 தமிழ்நாட்டை அடுக்கலாம். எல்லாமே பலகை மாதிரித் தட்டை என்று நினைக்காதீர்கள். நடுப்பகுதியில் சர்யார்க்கா என்ற மேட்டு நிலம் இருக்கிறது, தேய்ந்துபோன பழைய மலைகளின் மிச்சம். பெயருக்கு "மஞ்சள் முதுகு" என்று பொருள். ஆகஸ்டில் காய்ந்த புல் போர்த்திய அந்த மேடுகளைப் பார்த்தால் பெயர் வைத்தவருக்குக் கண் இருந்தது என்று தோன்றும்.

வடக்கிலிருந்து தெற்கே வந்தால் நிலம் படிப்படியாக மாறும். ரஷ்ய எல்லையருகே பிர்ச் மரத் தோப்புகள் திட்டுத் திட்டாக இருக்கும். அடுத்து கறுப்பு மண், உயரமான புல். அதற்கும் தெற்கே மண் கஷ்கொட்டை நிறத்துக்கு மாறும், புல் குட்டையாகி இடைவெளி விட்டு நிற்கும். அப்புறம் அரைப் பாலை, கடைசியில் பெத்பக்தலா என்ற பாலை. எங்கே ஸ்டெப்பி முடிந்தது, எங்கே பாலை தொடங்கியது என்று கோடு போட முடியாது. ஆண்டுக்கு ஆண்டு அந்தக் கோடு நகரும்.

இதெல்லாம் ஏன் இப்படி என்றால், தண்ணீர். அஸ்தானாவில் ஆண்டு மழையும் பனியும் சேர்த்து 300 மி.மீ.க்குச் சற்று மேல். சென்னைக்கு 1,400 மி.மீ. கிடைக்கிறது. அஸ்தானாவிலிருந்து எந்தப் பெருங்கடலுக்குப் போனாலும் 1,500 கி.மீ.க்கு மேல். நம்முடைய பருவமழை அந்தப் பக்கம் போவதே இல்லை, இமயமும் தியான்ஷானும் மறித்துக்கொண்டு நிற்கின்றன. அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து மேற்குக் காற்று கொண்டு வரும் ஈரம்தான் அவர்களுக்கு வரவு. அதை ஐரோப்பா முழுவதும் வழியில் பறித்துக்கொண்ட பிறகு மிஞ்சியதுதான் கஜகஸ்தானுக்கு. அதனால்தான் உக்ரைன் ஸ்டெப்பியில் 400, 500 மி.மீ. பெய்கிறது, கிழக்கே போகப் போகக் குறைகிறது.

கடல் தூரத்தில் இருந்தால் மழை மட்டும் குறையாது, வெப்பத்துக்கும் கடிவாளம் இருக்காது. அஸ்தானாவில் ஜனவரி சராசரி மைனஸ் 14 பாகை செல்சியஸ் அளவில். சில நாள் மைனஸ் 40ஐத் தொடும், பதிவானதில் மிகக் குறைவு மைனஸ் 50க்கும் கீழே. கோடையில் அதே ஊரில் 35 சாதாரணம். குளிரில் எனக்குப் பிரச்சினையாக இருந்தது குளிர் இல்லை, காற்று. புரான் என்று சொல்வார்கள், தரையில் கிடக்கும் பனியை அள்ளி வீசும் காற்று. வானத்திலிருந்து ஒரு துளிகூட விழாமலே எதிரே நிற்பவர் முகம் தெரியாமல் போகும். அப்போதெல்லாம் நெடுஞ்சாலையை அடைத்துவிடுவார்கள், ஊருக்கு வெளியே வண்டியில் மாட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்பதால் யாரும் வாதம் பண்ண மாட்டார்கள்.

சரி, மரம் ஏன் இல்லை? ஆண்டுக்குப் பெய்வதைவிட, வெயிலும் காற்றும் சேர்ந்து மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் உறிஞ்சக்கூடிய தண்ணீர் அங்கே மிக அதிகம். மரம் என்பது கோடை முழுக்க இலையை வைத்துக்கொண்டு தண்ணீரைச் செலவழித்தே ஆக வேண்டிய ஊதாரி. புல்லுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ஏப்ரல் மே மாதத்தில் பனி உருகிய ஈரத்தில் வளர்ந்து, பூத்து, விதை போட்டுவிட்டு, ஜூலையில் மேலே காய்ந்து கீழே உயிரை வைத்துக்கொள்ளும். தீ வந்தாலும் ஆடு மேய்ந்தாலும் இதே கதைதான், மேலே போனது போகட்டும் என்று வேர் திரும்பத் துளிர்க்கும். மங்கோலியாவின் மலைச்சரிவுகளில் இந்தக் கணக்கை நேரடியாகக் கண்ணால் பார்க்கலாம். ஒரே குன்று, வெயில் குறைவாக விழும் வடக்குச் சரிவில் லார்ச் மரக்காடு, வெயில் காயும் தெற்குச் சரிவில் வெறும் புல். மழை இரண்டுக்கும் ஒன்றுதான், ஆவியாவதுதான் வேறு.

மரம் நட்டுப் பார்க்காமலும் இல்லை. ஸ்டாலின் காலத்தில் 1948இல் தெற்கு ரஷ்யா தொடங்கி ஸ்டெப்பி முழுக்க மரவரிசை வைக்கிறோம் என்று ஒரு மாபெரும் திட்டம் போட்டார்கள், நட்டதில் பெரும்பகுதி பட்டுப்போனது, அவர் இறந்ததும் திட்டத்தையும் கைவிட்டார்கள். 1997இல் கஜகஸ்தான் தலைநகரை அல்மாத்தியிலிருந்து இப்போதைய அஸ்தானாவுக்கு மாற்றிய பிறகு, காற்றைத் தடுக்க நகரைச் சுற்றி ஏறத்தாழ ஒரு லட்சம் ஹெக்டேரில் மரம் வைத்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் நிறைய செத்தன, திரும்பத் திரும்ப நட்டு, தண்ணீர் ஊற்றி, ஆள் போட்டுப் பார்த்துக்கொண்டு வளர்த்தார்கள். ஒரு தலைநகருக்காக இதைச் செய்யலாம், கட்டுப்படியாகும். நாடு முழுக்கச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது என்பது என் கருத்து. புல்வெளி என்பது மரம் அழிந்துபோன காடு இல்லை, அது தனி வகை.

அந்தப் புல்லின் எடையில் பெரும்பங்கு மண்ணுக்குக் கீழேதான் இருக்கிறது. இறகுப்புல் என்று ஒன்று, மே கடைசியில் வெள்ளி இழை மாதிரி ஆடும். அதன் வேர்கள் சல்லடை போல மண்ணைப் பின்னிப் பிடித்திருக்கும். தெற்கே போனால் புல்லோடு எட்டிச்செடி மாதிரிக் கசக்கும் ஒரு சாம்பல் நிறச் செடி சேர்ந்துகொள்ளும், நம்மூர் மரிக்கொழுந்தின் சொந்தக்காரச் செடிதான், ஒரே பேரினம். ஸ்டெப்பிக்கு ஒரு வாசனை உண்டு என்று அங்கே எல்லாரும் சொல்வார்கள், அது இந்தச் செடியின் வாசனை. விரலில் கசக்கி முகர்ந்தபோது எனக்கு மதுரைப் பூக்கடை நினைவு வந்தது, ஆனால் இது இன்னும் கசப்பாக, மருந்து மாதிரி இருக்கும்.

ஆண்டுதோறும் இந்த வேர்களில் ஒரு பகுதி சாகிறது. குளிர்காலத்தில் மண் உறைந்திருப்பதால் மக்காது, கோடைக் கடைசியில் மண் காய்ந்திருப்பதால் மக்காது, இடையில் சில வாரம்தான் மக்குவதற்கு அவகாசம். இப்படி ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செலவைவிட வரவு அதிகமாகச் சேர்ந்த மட்குதான் செர்னோசெம் என்ற கறுப்பு மண். நல்ல இடத்தில் ஒரு மீட்டருக்கு மேல் ஆழம் இருக்கும். நம்மூர்க் கரிசல் மண்ணோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கரிசலின் கறுப்புக்கு அதன் களிமண்ணும் கனிமங்களும்தான் முக்கியக் காரணம், மட்கு அதில் குறைவு, காய்ந்தால் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். செர்னோசெம்மின் கறுப்பு மட்கினால் வந்தது, கையில் எடுத்தால் கேழ்வரகுப் புட்டு மாதிரிப் பொலபொலவென்று உதிரும். வசிலி தொக்குச்சாயேவ் என்ற ரஷ்ய அறிஞர் இந்த மண்ணை மாகாணம் மாகாணமாக ஆராய்ந்து 1883இல் நூல் வெளியிட்டார். மண் என்பது வெறும் பாறைத்தூள் இல்லை, வானிலையும் செடியும் காலமும் சேர்ந்து உண்டாக்கிய தனிப்பொருள் என்று அவர் நிறுவியதிலிருந்துதான் மண்ணியல் என்ற துறையே தொடங்கியதாகச் சொல்வார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள்: மிகச் சிறந்த கறுப்பு மண் உக்ரைனிலும் தெற்கு ரஷ்யாவிலும் இருக்கிறது. 2022இல் போர் தொடங்கியதும் நம் வீடுகளில் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியதற்குக் காரணம் அதுதான், இந்தியா இறக்குமதி செய்த சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பங்கு உக்ரைனிலிருந்து வந்துகொண்டிருந்தது. கஜகஸ்தானுக்கு அந்தக் கறுப்பு மண் கிடைத்திருப்பது நாட்டின் வடக்கு ஓரத்தில் மட்டும், அங்கே மண்ணின் ஆழமும் குறைவு, மழையும் குறைவு.

இனி மனிதர்களுக்கு வருவோம். மழை குறைவு, புல் மட்டும் உண்டு, மனிதனால் புல்லைத் தின்ன முடியாது. அதனால் புல்லைத் தின்னும் ஒன்றை வளர்த்து அதைச் சாப்பிடுவது, அதன் பாலைக் குடிப்பது, அதன் ரோமத்தில் கூடாரம் போடுவது. குதிரை, மாடு, ஒட்டகம், செம்மறி, வெள்ளாடு என்ற ஐந்தும் அவர்கள் சொத்து. ஒரே இடத்தில் தங்கினால் புல் தீர்ந்துவிடும் என்பதால் கோடையில் வடக்கே அல்லது மலைமேல், குளிர்காலத்தில் தெற்கே காற்று மறைவான இடம் என்று மாறிக்கொண்டே இருப்பார்கள். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் கிடை மாற்றிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பவர்களுக்கு இது புரியும், தூரம்தான் வேறு, கஜக் குடும்பங்கள் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போனார்கள். விறகு கிடையாது, காய்ந்த சாணம்தான் அடுப்புக்கு. நாம் வறட்டி என்கிறோம், அவர்கள் தெசெக் என்கிறார்கள்.

மந்தையை எந்த வரிசையில் மேய்ப்பது என்பதில் ஒரு நுட்பம் உண்டு. பனி மூடிய நிலத்தில் முதலில் குதிரைகளை விடுவார்கள். குதிரை குளம்பால் பனியைத் தோண்டி அடியில் இருக்கும் காய்ந்த புல்லின் நுனியைத் தின்னும். அது திறந்து வைத்த இடத்தில் பின்னால் வரும் செம்மறி மிச்சத்தை மேயும். செம்மறியால் ஆழமான பனியைத் தோண்ட முடியாது, மாட்டுக்கும் அது வராது. குளிர்காலத் தீவனம் சேமித்து வைக்காமலே இலட்சக்கணக்கான ஆடுகளை அவர்களால் காப்பாற்ற முடிந்ததற்குக் குதிரை ஒரு முக்கியக் காரணம்.

இதையும் மீறி ஒன்று வரும். குளிர்காலத்தின் நடுவில் ஒரு நாள் வெயில் ஏறிப் பனி லேசாக உருகி, மறுநாள் திரும்ப உறைந்தால் நிலத்தின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு பனிப்பாளம் படிந்துவிடும். குதிரைக் குளம்பாலும் உடைக்க முடியாது. அடியில் புல் இருக்கும், ஆனால் எட்டாது. கஜக் மொழியில் இதை ஜூட் என்பார்கள், மங்கோலியர்கள் ஸூட் என்கிறார்கள். அங்கே இதிலும் வகை பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்: ஆழமான பனி விழுந்தால் வெள்ளை, பனியே விழாமல் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் போனால் கறுப்பு, இந்தப் பனிப்பாளம் வந்தால் இரும்பு. "பணக்காரன் ஒரு ஜூட் வரைக்கும், வீரன் ஒரு தோட்டா வரைக்கும்" என்று கஜக்கில் ஒரு பழமொழி உண்டு. 2009–10 குளிர்காலத்தில் மங்கோலியாவில் ஏறத்தாழ ஒரு கோடிக் கால்நடை செத்தது. 2023–24இல் 70 லட்சத்துக்கு மேல்.

மங்கோலியாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அங்கே மேய்ச்சல் இன்றும் உயிரோடு இருக்கிறது, பிரச்சினையும் அதில்தான். 1990இல் அந்த நாட்டில் கால்நடை சுமார் இரண்டரைக் கோடி. கூட்டுப்பண்ணைகள் கலைந்து அவரவர் மந்தை அவரவருக்கு என்றானதும், 2019இல் ஏழு கோடியாகிவிட்டது. மக்கள் முப்பது லட்சத்துச் சொச்சம். மேய்ச்சல் நிலம் யாருக்கும் சொந்தமில்லை, ஆடு மட்டும் சொந்தம் என்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதிலும் காஷ்மீர் ரோமத்துக்கு நல்ல விலை என்பதால் வெள்ளாட்டின் பங்கு கூடிவிட்டது, வெள்ளாடு புல்லை வேர்வரை கரம்பும். நிலம் நலிந்தபின் ஒரு ஸூட் வந்தால் முன்பைவிட அதிகம் சாகிறது. மந்தையை இழந்த குடும்பம் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு உலான்பத்தருக்கு வருகிறது, நகர ஓரத்தில் கூடாரம் போட்டு நிலக்கரி எரித்துக் குளிர் காய்கிறது. உலகிலேயே குளிரான தலைநகரம் அது, குளிர்காலப் புகைமூட்டத்துக்கும் பெயர் போனது. புல்வெளியில் நடந்ததன் தொடர்ச்சியைத்தான் அந்த நகரம் மூச்சில் இழுக்கிறது.

கஜகஸ்தானில் இந்த வாழ்க்கை வேறு விதமாக முடிந்தது. 1930களின் தொடக்கத்தில் சோவியத் அரசு நாடோடி மேய்ச்சலைப் பிற்போக்கு என்று முடிவு செய்து, மந்தைகளைப் பறிமுதல் செய்து, மக்களை ஓரிடத்தில் உட்காரச் சொன்னது. சேர்த்து அடைத்த மந்தைகள் தீவனமில்லாமல் செத்தன. கால்நடையில் ஏறத்தாழ 90 சதவீதம் சில ஆண்டுகளில் போய்விட்டது. ஆட்டை நம்பி வாழ்ந்தவர்களுக்கு ஆடு போனால் மிச்சம் என்ன? சுமார் 15 லட்சம் பேர் பட்டினியில் இறந்தார்கள், பெரும்பாலோர் கஜக்குகள். தங்கள் சொந்த நாட்டிலேயே அவர்கள் பல பத்தாண்டுகள் சிறுபான்மையாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். நிலம் "காலியானது" இப்படித்தான். அங்கே மக்கள்தொகை ஏன் குறைவு என்று கேட்பவர்கள் வானிலையோடு இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து நீங்கள் கேட்ட உழவு. 1954இல் சோவியத் தலைவர் குருஷ்சேவ் கன்னிநிலத் திட்டத்தைத் தொடங்கினார். சோவியத் நாட்டுக்குக் கோதுமை போதவில்லை, ஸ்டெப்பி சும்மா கிடக்கிறது, உழுதால் என்ன? லட்சக்கணக்கான இளைஞர்களை ரயிலேற்றி அனுப்பினார்கள், கூடாரத்தில் தங்கி உழுதார்கள். கஜகஸ்தானில் மட்டும் சுமார் 2.5 கோடி ஹெக்டேர், அதாவது தமிழ்நாட்டைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு நிலத்தைச் சில ஆண்டுகளில் புரட்டிப் போட்டார்கள். 1956இல் நல்ல மழை. கஜகஸ்தான் முதன்முறையாக நூறு கோடி பூட் தானியம் கொடுத்தது, பூட் என்பது ரஷ்யாவின் பழைய அளவை, டன் கணக்கில் சுமார் 1.6 கோடி. ஊரே கொண்டாடியது. பிறகு வேர் பின்னல் அறுந்த மண் காய்ந்து, காற்று வந்தபோது அள்ளிக்கொண்டு போனது. புழுதிப்புயலில் பகலில் விளக்கு போட வேண்டியிருந்தது. 1963இல் வறட்சி, விளைச்சல் சரிந்து, சோவியத் நாடு கனடாவிடம் கோதுமை வாங்கும் நிலைமைக்கு வந்தது. குருஷ்சேவ் மறு ஆண்டு பதவியிழந்தார், அதற்கு வேறு காரணங்களும் உண்டு, இதுவும் ஒன்று.

அதோடு கதை முடிந்திருந்தால் எளிதாகத் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அஸ்தானாவுக்கு வடக்கே ஷோர்தாந்தி என்ற சிற்றூரில் இருந்த ஆராய்ச்சி நிலையத்தில் அலெக்சாந்தர் பராயேவ் என்ற வேளாண் அறிஞர், குருஷ்சேவிடமே முரண்பட்டுக்கொண்டு, வேறு வழி சொன்னார். மண்ணைப் புரட்டாதே, அடியில் மட்டும் கீறிவிடு. அறுவடை முடிந்ததும் பயிரின் அடித்தாளை எரிக்காதே, உழாதே, அப்படியே நிற்கட்டும். தாள் நின்றால் புழுதி பறக்காது என்பது ஒன்று. இன்னொன்றுதான் எனக்கு மிகப் பிடித்தது: நிற்கும் தாள் குளிர்காலத்தில் பறக்கும் பனியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வசந்தத்தில் அந்தப் பனி உருகினால் வயலுக்கு அதுதான் முதல் தண்ணீர். அங்கே விவசாயி மழையை மட்டும் நம்பிப் பயிர் செய்வதில்லை, பனியையும் அறுவடை செய்கிறான். வட கஜகஸ்தானில் இன்றும் மே மாதம் விதைத்து ஆகஸ்டு, செப்டம்பரில் அறுக்கிறார்கள். ஆப்கானிஸ்தானும் உஸ்பெகிஸ்தானும் சாப்பிடும் ரொட்டியில் அந்த மாவு நிறைய இருக்கிறது.

ஆக உழவு நடக்கத்தான் நடக்கிறது, முடிகிற வடக்கு ஓரத்தில் மட்டும். தெற்கே தாங்காத நிலத்தில் உழுததையெல்லாம் 1991க்குப் பிறகு மானியம் நின்றதும் விட்டுவிட்டார்கள், ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல். அங்கே முதலில் களை, பிறகு எட்டிச்செடி மாதிரியான அந்தக் கசப்புச் செடி, பல ஆண்டு கழித்து இறகுப்புல் என்று வரிசையாகத் திரும்பி வந்துகொண்டிருக்கிறது.

இடையில் ஒரு வேடிக்கை. அமெரிக்க மேற்கத்தியப் படங்களில் காற்றில் உருண்டு போகுமே ஒரு காய்ந்த செடிப்பந்து, அது அமெரிக்கச் செடியே இல்லை. 1870களில் ரஷ்யப் பேரரசிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுபோன ஆளி விதையோடு கலந்து போனது. அதே காலத்தில்தான் உக்ரைன் பக்கத்து மென்னோனைட்டுகள் என்ற கிறித்தவப் பிரிவினர் அமெரிக்காவின் கான்சஸுக்குக் குளிர்காலக் கோதுமை விதையையும் எடுத்துப்போனார்கள். ஒரே கப்பலில் இரண்டும் போயிருந்தாலும் ஆச்சரியமில்லை.

ஆறுகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பாசனம் செய்யலாமே என்று அடுத்து கேட்பீர்கள். அந்த ஆறுகளில் பெரும்பாலானவற்றின் ஆண்டுத் தண்ணீரில் மிகப்பெரிய பங்கு பனி உருகும் சில வாரங்களில் ஓடிவிடும். அடி மண் உறைந்திருக்கும், தண்ணீர் உள்ளே இறங்காது, எல்லாம் ஒரே நேரத்தில் ஆற்றுக்கு வரும். 2024 வசந்தத்தில் இப்படி வந்த வெள்ளத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. ஜூலையில் அதே ஆற்றை முழங்கால் நனையக் கடக்கலாம். பல ஆறுகள் கடலுக்குப் போவதும் இல்லை, தெங்கிஸ் மாதிரி உப்பேரியில் போய் முடிந்துவிடும். உப்பேரி என்று ஒதுக்கவும் முடியாது, ஏனென்றால் பூநாரைகள் உலகிலேயே மிக வடக்கே கூடு கட்டுவது அங்கேதான். நிரந்தரமாக நிறையத் தண்ணீர் உள்ள ஆறு என்றால் இர்திஷ், அதிலிருந்து கரகண்டாவுக்கு 450 கி.மீ.க்கு மேல் கால்வாய் வெட்டி, வழி நெடுகப் பம்பு வைத்துத் தண்ணீரை மேட்டில் ஏற்றுகிறார்கள். நெல்லுக்கு இல்லை, தொழிற்சாலைக்கும் குடிநீருக்கும்.

அந்தத் தொழிற்சாலைகள்தான் உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில். அடியில் என்ன இருக்கிறது? ஏறக்குறைய எல்லாம். கரகண்டாவிலும் எகிபஸ்துஸிலும் நிலக்கரி. எகிபஸ்துஸில் கரி மேலாக, தடித்த படுகையாகக் கிடப்பதால் சுரங்கம் தோண்டாமல் திறந்த குழியாகவே வெட்டுகிறார்கள், சாம்பல் அதிகமுள்ள மட்டமான கரிதான், ஆனால் மலிவு. அங்குள்ள அனல் மின்நிலையப் புகைபோக்கி ஒன்று 420 மீட்டர் உயரம், உலகிலேயே உயரமானது. ஜெஸ்கஸ்கனில் செம்பு, அக்தோபே பக்கம் குரோமியத் தாது, காஸ்பியன் ஓரத்தில் எண்ணெய். எல்லாவற்றுக்கும் மேல் யுரேனியம்: உலக உற்பத்தியில் ஐந்தில் இரண்டு பங்கு இந்த ஒரு நாட்டிலிருந்து. அது பெரும்பாலும் தெற்கே, ஸ்டெப்பி பாலையாக மாறும் பகுதியில். ஆளை இறக்கித் தோண்டுவதில்லை, துளை போட்டு அமிலக் கரைசலை உள்ளே செலுத்தி, யுரேனியம் கரைந்த நீரை வேறு துளை வழியே உறிஞ்சி எடுக்கிறார்கள். செலவு குறைவு. இந்தியாவும் வாங்கியிருக்கிறது, 2015இல் 5,000 டன்னுக்கு ஒப்பந்தம் போட்டார்கள்.

காலி நிலம் என்பதையே வளமாகப் பார்த்தவர்களும் உண்டு. மேலே போகும் ராக்கெட்டின் கழன்ற பாகம் யார் தலையிலும் விழக்கூடாது என்றால் விசாலமான நிலம் வேண்டும், பைக்கோனூர் ராக்கெட் ஏவுதளம் அங்கே அமைந்ததற்கு அது ஒரு காரணம். ஸ்புட்னிக்கும் ககாரினும் புறப்பட்டது அங்கிருந்துதான். அது பெருமைக்குரிய பக்கம். இன்னொரு பக்கம் செமிபலதின்ஸ்க். 1949 முதல் 1989 வரை 456 அணுகுண்டுச் சோதனைகள், 18,000 சதுர கி.மீ. நிலத்தில். ஆளில்லா இடம் என்று சொல்லித் தேர்ந்தெடுத்தார்கள், சுற்றிலும் கிராமங்கள் இருந்தன, அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் நோயோடு இருக்கிறார்கள். 1989இல் கவிஞர் ஒல்ஜாஸ் சுலைமேனோவ் தொடங்கிய இயக்கத்தில் மக்கள் திரண்டார்கள், 1991 ஆகஸ்டு 29 அன்று அந்தத் தளம் மூடப்பட்டது.

கடைசியாக சைகா. ஆடு அளவுள்ள மான், யானைக்குட்டியின் துதிக்கையை வெட்டி ஒட்டியது போல ஒரு மூக்கு. கோடையில் புழுதியை வடிகட்டவும் குளிரில் காற்றைச் சூடேற்றி உள்ளே இழுக்கவும் அது. சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு கொம்புக்காக வேட்டையாடி, 2003 வாக்கில் கஜகஸ்தானில் இருபதாயிரத்துச் சொச்சத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கொஞ்சம் மீண்டு வந்த நேரத்தில், 2015 மே மாதம், குட்டி போடக் கூடியிருந்த இடத்தில் மூன்று வாரத்தில் இரண்டு லட்சத்துக்கு மேல் செத்து விழுந்தன. அவற்றின் தொண்டையில் எப்போதும் தொந்தரவில்லாமல் இருக்கும் ஒரு பாக்டீரியா, வழக்கத்துக்கு மாறாக வெப்பமும் ஈரமும் கூடிய அந்த வாரங்களில் நஞ்சாக மாறியதாகக் கண்டுபிடித்தார்கள். ஆனால் சைகா பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும் விலங்கு, வேட்டைத் தடையும் கடுமையாக இருந்தது, ஏழே ஆண்டில் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. கைவிடப்பட்ட வயல்கள் புல்லாகத் திரும்பியதும் அதற்கு உதவியது.

இப்போது மேற்குக் கஜகஸ்தான் விவசாயிகள் சைகா வயலை மிதிக்கிறது, கிணற்றடிக் குட்டையில் ஆட்டுக்கு வைத்த தண்ணீரைக் குடித்துவிடுகிறது என்று சண்டைக்கு நிற்கிறார்கள். 2023இல் அரசே ஒரு பகுதியைச் சுட்டுக் குறைக்க அனுமதித்தது. சும்மா கிடக்கிறது என்று நீங்கள் கேட்ட அந்த நிலத்தில் மானுக்கும் ஆட்டுக்கும் கோதுமைக்கும் இடம் போதவில்லை.

நேரில் பார்க்க ஆசையிருந்தால் மே முதல் வாரத்தில் போங்கள். காட்டு துலிப் பூக்கும், சிவப்பும் மஞ்சளுமாக, பத்து நாள்தான். ஜூலையில் போனால் என்னைப் போல ஜன்னலில் பார்த்துவிட்டு இதே கேள்வியோடு திரும்பி வருவீர்கள்.